மோட்டார் பிஸியாக இருக்கிறது

தொழிற்சாலையில் எனக்குத் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. அதாவது, மற்றவர்கள் செய்து கொண்டுவருவதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து "ஆகாது" என்று சொல்லிச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன். சொந்தமாக ஒரு திருகாணியைக்கூட நான் திருகியதில்லை. ஆனால் பிறர் திருகியதில் எது கோணல் என்று கண்டுபிடிப்பதில் எனக்கிருந்த தேர்ச்சியை மேலதிகாரிகள் மெச்சியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட ஒருவன் வீட்டில் ஒரு வெந்நீர்த் தொட்டியை வைத்துக்கொண்டு ரிப்பேர் பார்க்கக் கிளம்பினால் என்ன ஆகும் என்று ஓசூர்க்காரர்கள் முன்கூட்டியே சொல்லியிருப்பார்கள். சொல்லவும் சொன்னார்கள். எனக்குத்தான் அந்த மொழி புரியவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அந்தப் பனிக்காலத்தில் என் மனைவியின் வலது தோள் இறுகிப்போனது. விழவில்லை, இடித்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் காலையில் கையைத் தூக்கினாள். அது தோள்மட்டத்தில் நின்றுகொண்டு, இதற்கு மேல் வரமாட்டேன் என்றது. பெங்களூரில் பார்த்த எலும்பு டாக்டர், நாற்பது வயதை ஒட்டிப் பெண்களுக்கு இப்படி வரும் என்றார், கல்யாணப் பத்திரிகை வரும் என்பதைப் போல. வெந்நீரில் கழுத்தளவு உட்கார வேண்டும், தண்ணீர் சுழல வேண்டும், அதற்குள் கை மெல்ல அசைய வேண்டும். அவருடைய ஆஸ்பத்திரியில் அதற்கென்று ஒரு தொட்டி இருந்தது. தினமும் வரச் சொன்னார். தினமும் போவதென்றால் அத்திப்பள்ளி சோதனைச்சாவடியில் லாரிகளுக்குப் பின்னால் பஸ் நிற்கிற நேரத்திலேயே இன்னொரு தோளும் இறுகிவிடும்.

அவள் ஓசூரில் ஒரு பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியை. கை தூக்க முடியாததால் கரும்பலகையின் கீழ்ப்பாதியில் மட்டும் எழுதினாள். முன்வரிசைப் பிள்ளைகளின் தலை மறைத்ததில் பின்வரிசைக்குப் பாதிக் கணக்குத்தான் தெரிந்தது. பாதிக் கணக்கைப் பார்த்து முழு விடை எழுதும் துணிச்சல் வயது ஆக ஆகத்தான் வரும். ஒன்பது வயதில் வராது. தலைமையாசிரியை நல்ல மனசோடுதான் சொன்னார், கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போது அலுவலக அறைக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று. பீஸ் ரசீது கிழிக்கிற வேலை, உட்கார்ந்தே செய்யலாம்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொன்னாள்:

"ரசீது கிழிக்கத்தான் டீச்சர் டிரெய்னிங் படிச்சேனா? பள்ளிக்கூடம் தொறக்கிறதுக்குள்ள இந்தக் கை மேல போகணும். இல்லேன்னா நான் வேலையை விட்டுருவேன்."

அவள் விருதுநகர்ப் பக்கத்துக்காரி. விட்டுவிடுவேன் என்றால் விட்டுவிடுவாள். வகுப்பில் நிற்பதைத் தவிர வேறெதிலும் அவளுக்கு அத்தனை சந்தோஷம் இருந்து நான் பார்த்ததில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அப்போதுதான் எனக்கு அந்தத் தொட்டி ஞாபகத்துக்கு வந்தது. எங்கள் கம்பெனிக்குத் தொழில்நுட்பம் சொல்லித்தர ஒரு குளிர்நாட்டிலிருந்து வந்த எஞ்சினியர், தன் பங்களாவின் பின்புறம் வைத்துக் குளிப்பதற்காக ஒரு தொட்டியைக் கப்பலில் வரவழைத்திருந்தார். ஃபைபரில் செய்த வட்டத் தொட்டி. நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து சீட்டாடலாம். ஒரு பம்பு தண்ணீரை இழுத்து, வடிகட்டி, சூடேற்றி, பக்கவாட்டு ஓட்டைகள் வழியாகப் பீய்ச்சும். மனிதர் ஊருக்குத் திரும்பி வெகுகாலம் ஆகியும் தொட்டி வெயிலில் கிடந்தது. பங்களாவின் பழைய சாமான்களை ஊழியர்களுக்குக் கொடுத்தபோது பிரிட்ஜுக்கும் கட்டிலுக்கும் போட்டி. தொட்டிக்கு நான் ஒருவன்தான். பள்ளி நாட்களில் கட்டுரைப் போட்டியிலும் இப்படித்தான் முதல் பரிசு வாங்கினேன்.

டெம்போவில் ஏற்றி மத்திகிரிக்குக் கொண்டுவந்தோம். எங்கள் தெருவில் பாதிப்பேர் கால்நடைப் பண்ணையில் வேலை பார்த்தார்கள், மீதிப்பேர் சிப்காட்டில். பண்ணையில் வேலை பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஓரத்தைத் தட்டிப் பார்த்தார். "ஜெர்சியா சார், நாட்டு மாடா?" என்றார். நான் டீச்சருக்கு என்றேன். அதற்குப் பிறகு அவர் கொஞ்ச நாள் என்னிடம் பேசவில்லை. கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டோம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று நான் நினைத்தேன்.

என் மனைவி பின்கட்டுக்கு வந்து பார்த்தாள்.

"வைத்தியம்னா மாத்திரை வாங்கிட்டு வருவாக. நீங்க கம்மாயவே தூக்கிட்டு வந்திருக்கீக."

குளியல் என்பது நாகரிகத்தின் உச்சம் என்று அவளுக்கு விளக்கினேன். பழைய ரோமாபுரியில் ராஜ்ஜிய விஷயங்களையே வெந்நீரில் உட்கார்ந்துதான் முடிவு செய்தார்கள். தொட்டியில் உட்கார்ந்திருந்த ஒரு கிரேக்க அறிஞருக்கு உண்மை ஒன்று பளிச்சென்று தெரிந்து, எழுந்து துணியில்லாமல் தெருவில் ஓடினார். அவள் பொறுமையாகக் கேட்டாள். ஓடுவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நான் ஊருக்குப் போய்விடுகிறேன் என்றாள்.

தரக்கட்டுப்பாட்டுக்காரன் என்பதால் முதலில் குறைகளைக் கண்டுபிடித்தேன். அந்த வேலை விரைவாக முடிந்தது, ஏனென்றால் குறை இல்லாத பாகம் எதுவும் இல்லை. சூடேற்றும் குழாய்க்குள் சுண்ணாம்பு அடைத்து, கம்பி எது கல் எது என்று தெரியவில்லை. எங்கள் ஊர் போர்த் தண்ணீர் அப்படி. கொஞ்ச காலம் விட்டால் டீக்கடை பாய்லரைக்கூடச் சிற்பமாக்கிவிடும். வடிகட்டியின் காகித மடிப்புகளை ஓர் எலி தன் பிரசவத்துக்குப் பயன்படுத்தியிருந்தது. பம்பின் அச்சில் தண்ணீர் கசியாமல் தடுக்கிற சீல் தேய்ந்து வளையல் போல ஆடியது. அந்த வகை சீல் எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது. என் கைவசம் இருந்த ஒரே சீல், ஆபீஸ் மேஜையில் கிடந்த "நிராகரிக்கப்பட்டது" என்கிற ரப்பர் சீல்தான்.

பாகலூர் ரோட்டில் பழைய இரும்பும் லாரி ஸ்பேரும் விற்கும் பாய் ஒருவரிடம் போனேன். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். எதைக் கேட்டாலும் முதலில் "இருக்கு" என்பார். பிறகுதான் இருக்கிறதா என்று பார்க்க உள்ளே போவார். காரின் தண்ணீர் பம்பில் போடுகிற சீல் ஒன்றை எடுத்துவந்து, நான் தூக்கிக்கொண்டுபோன பம்பின் அச்சில் மாட்டிக் காட்டினார். அந்த அச்சுக்காகவே பிறந்தது போல் சீல் உட்கார்ந்தது. அந்த வெற்றியில் மயங்கித்தான் வடிகட்டியையும் கேட்டேன்.

"பாய், இது வெளிநாட்டு வடிகட்டி. இங்க கிடைக்குமான்னு தெரியல."

"வெளிநாட்டுத் தண்ணியா ஊத்தப் போறீங்க தம்பி? நம்ம தண்ணிதானே. நம்ம ஃபில்டரே போதும்."

லாரியின் காற்று வடிகட்டி ஒன்றைக் கொடுத்தார். உயரம், அகலம், உள்ளோட்டை எல்லாம் அச்சு அசல். தொட்டியில் மாட்டி, பம்பு இருக்கும் வழியில் ரப்பர் குழாயால் தண்ணீர் விட்டதும் அது கூழாகி, எல்லா ஓட்டைகளிலும் கஞ்சி காய்ச்சிய மாதிரி வந்தது. ஓட்டைகளை ஒவ்வொன்றாகப் பல்துலக்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்துவிட்டுத் திரும்ப அவரிடம் போய் நின்றேன்.

"காத்துக்குப் போடறதத் தண்ணிக்குப் போட்டா அப்டித்தான் ஆகும்," என்றார்.

நீங்கள்தானே கொடுத்தீர்கள் என்றேன்.

"நீங்க அளவு சொன்னீங்க, நான் அளவு குடுத்தேன். அளவு சரியா இருந்துச்சா, இல்லியா?"

அளவு சரியாகத்தான் இருந்தது. அளவு சரியாக இருக்கிறது, ஆனால் வேலைக்கு ஆகாது என்பது நான் வருடக்கணக்கில் மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்த வசனம். அதை முதல்முறையாக எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்டேன். கடைசியில் வீட்டில் ஒரு நைலக்ஸ் சேலையைக் கிழித்து, வடிகட்டியின் எலும்புக்கூட்டில் சுற்றிக் கட்டினோம். அது நான் ஆசையாக வாங்கிக்கொடுத்த சேலை. அதை எடுத்துத் தரும்போது என் மனைவியின் முகத்தில் துளி வருத்தம் இல்லை. எனக்குத்தான் இருந்தது.

சூடேற்றும் பாகத்துக்கு, சிப்காட்டை ஒட்டி முலாம் பூசும் பட்டறை வைத்திருந்த ஒருவர் உதவினார். முலாம் தொட்டியின் விளிம்பில் தொங்கவிடுகிற ஹீட்டர் ஒன்று அவரிடம் உபரியாக இருந்தது. பழைய ஹீட்டர் இருந்த குழாயே துருப்பிடித்துப் போய்விட்டதால் புதியதை அப்படியே தொட்டியின் ஓரத்தில் மாட்டினேன்.

"இதுல எறங்குனா மேலுக்கு நிக்கல் பூசிருமா?" என்று கேட்டாள்.

பூசினால் துருப்பிடிக்காது என்றேன். சிரிக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு சட்டம் போட்டாள்: தண்ணீர் சூடானதும் பிளக்கைப் பிடுங்கி, வயரோடு கொண்டுவந்து அவள் கையில் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் காலை உள்ளே வைப்பாள். கரண்ட்டை நம்புகிறாயா, என்னை நம்பவில்லையா என்று கேட்டேன். கரண்ட்டு சொன்னபடி நடந்துகொள்ளும் என்றாள்.

மிச்சமிருந்தது மோட்டார்; அதற்குள் சுற்றியிருந்த கம்பி கருகிப்போயிருந்தது. கெலமங்கலத்தில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தவரை எல்லோரும் சிபாரிசு செய்தார்கள். அவரே முதலாளி, அவரே தொழிலாளி, மோட்டாரைவிட அதிகச் சத்தம் போட்டுப் பேசுவார். வீட்டில் தெலுங்கு, தொழிலில் கன்னடம், சண்டையில் தமிழ். மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டு வைண்டிங் செய்துவிடுவார். நானோ ஓசூருக்கு வந்து சில வருடங்கள் ஆகியும், கன்னடத்தில் "கொத்தில்லா" என்ற ஒரு சொல்லோடு காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். தெரியாது என்பதற்கு அந்த வார்த்தை. தெரியாது என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது.

பழைய தாமிரக் கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி சுற்றி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மோட்டாரைக் கொண்டுவந்து மாட்டினார். சுவிட்சைப் போட்டதும் தொட்டியில் தண்ணீர் சுழன்றது. பக்கவாட்டு ஓட்டைகள் எல்லாம் ஒன்றாகப் பீய்ச்சின. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு ஓட்டை என் முகத்துக்கு நேராக இருந்தது. மெக்கானிக் மோட்டாரின் மேல் கையை வைத்து எடுத்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டே சொன்னார்:

"மோட்டரு பிஸி ஆகுது சார். பாத்துக்கங்க."

"ஆகட்டும், ஆகட்டும்," என்றேன்.

எங்கள் ஆபீஸில் பிஸியாக இருப்பதைவிடப் பெரிய பெருமை கிடையாது. மேனேஜரைப் பார்க்கப் போனால், பிஸியாக இருக்கிறார் என்று சொல்லி வெளியே நிறுத்துவார்கள். அந்த அளவுக்கு அவர்மேல் மரியாதை கூடும். புதுக் கம்பி சுற்றிய மோட்டார் மாட்டிய உடனே பிஸியாகிவிட்டது என்றால் என்ன தரம் என்று மனசுக்குள் பாராட்டினேன். ஒரு அக்கறையும் வந்தது. பிஸியாக இருக்கிறவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது. பக்கத்து வீட்டுக்கும் சத்தம் கேட்க வேண்டாம். ஒரு கோணிச்சாக்கை எடுத்து மோட்டாரை நன்றாகப் போர்த்திவிட்டேன். போதாதென்று இன்னொரு சாக்கு.

உள்ளே போய் மனைவியிடமும் சொன்னேன். அவள் வலது தோளுக்கு ஓய்வு கொடுத்து, பரீட்சைத் தாள்களை இடது கையால் திருத்திக்கொண்டிருந்தாள்; டிக்குகள் எல்லாம் தலைகீழாக விழுந்துகொண்டிருந்தன.

"மோட்டார் பிஸியா இருக்கு," என்றேன்.

"சரி," என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து ரப்பர் கருகுகிற வாசனை வந்தது. பண்ணையில் ஏதோ எரிக்கிறார்கள் என்றேன். பிறகு பக்கத்து வீட்டுக்காரர், வெகுநாள் பேசாமல் இருந்தவர், மதில் வழியாக எட்டிப் பார்த்து, உங்கள் தொட்டியிலிருந்து புகை வருகிறது, அது வழக்கமா என்று விசாரித்தார். ஓடிப்போய்ச் சாக்கை எடுத்தபோது மோட்டார் தன் வேலையெல்லாம் முடித்துவிட்டு ஓய்வு பெற்றிருந்தது.

மறுநாள் மெக்கானிக் வந்தார். கருகிய மோட்டாரைப் பார்த்தார். சாக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நான் சொன்னேன் இல்ல சார், பிஸி ஆகுதுன்னு."

"பிஸின்னா நல்லா வேலை செய்யுதுன்னு நினைச்சேன்."

"வேலை செய்யறதனாலதான் சார் பிஸி ஆகுது. பிஸி ஆனா ஆப் பண்ணணும். நீங்க இன்னான்னா கம்பளி போத்தி வுட்டுக்கினு இருக்கீங்க."

அப்போதுதான் விஷயம் விளங்கியது. கன்னடத்தில் பிஸி என்றால் சூடு. மோட்டார் சூடாகிறது, கவனியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நான் குளிர் காய வைத்திருக்கிறேன்.

"இதைத் தமிழ்ல சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"தமிழ்லதான் சார் சொன்னேன்."

அவர் உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். அவரோடு வாதாடவும் முடியாது. ஓசூரில் டீக்கடைக்குப் போகிறவர்கள் மூன்று மொழியிலும் "பிஸியா ஒரு டீ" என்றுதான் கேட்கிறார்கள் என்பதை அதற்குப் பிறகு காதைத் தீட்டிக் கேட்டேன். அதுவரை, டீக்கடையில் எல்லோருக்கும் ஏன் இவ்வளவு அவசரம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதில் என்னை அதிகம் தாக்கியது வேறொன்று. என் மனைவிக்கு அந்த வார்த்தை தெரியும். அவள் வகுப்பில் பாதிப்பிள்ளைகள் கன்னடம் பேசுகிறவர்கள். தெரிந்துமா சும்மா இருந்தாய் என்று கேட்டேன்.

"பிள்ளைக சொன்னா கன்னடம்னு எடுத்துருப்பேன். நீங்க சொன்னீக. உங்க வாயில வந்தா இங்கிலீசுதானேன்னு விட்டுட்டேன்."

மெக்கானிக் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனார். அதே அளவு கம்பி இனி பெங்களூரிலிருந்து வர வேண்டும், தாமதமாகும் என்றார். பங்குனி பிறந்துவிட்டது. பள்ளி மூடுவதற்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது, அப்புறம் விடுமுறை, அப்புறம் ரசீதுப் புத்தகம். தொட்டி நிறையத் தண்ணீர். கரண்ட் இருந்த நேரம் பார்த்து, தெருவே முணுமுணுக்கப் பிடித்து நிரப்பிய தண்ணீர் அது. கொட்டினால் தெருவே கூடிவிடும். மோட்டார் இல்லாவிட்டால் போகட்டும், ஹீட்டர் இருக்கிறதே, சுடுதண்ணீராவது கிடைக்கட்டும் என்று என் மனைவி இறங்கத் தயாரானாள். பிளக்கைப் பிடுங்கிக் கையில் கொடுத்தேன். இறங்கினாள். இறங்கிய வேகத்தில் ஏறினாள்.

"கழுத்து வேகுது, காலு வெறைக்குது."

ஹீட்டர் தொட்டியின் மேல்விளிம்பில் தொங்கியது. சூடு மேலேயே நின்றுவிட்டது. கீழே மார்கழி மாதம். பம்பு சுழற்றினால் அல்லவா இரண்டும் கலக்கும். கலக்குவதற்கு நீளமாக ஏதாவது வேண்டும். நான் பாய் கடைக்குப் போனேன். இருக்கிறது என்றார், உள்ளே போனார், ஒரு துடுப்போடு வந்தார். அவர் வீட்டுக் கல்யாணங்களில் பிரியாணி அண்டாவைக் கிளறுகிற மரத்துடுப்பு, ஆளுயரம் இருக்கும். எதற்கு என்று கேட்டார். டீச்சர் குளிக்கிற தண்ணீரைக் கலக்க என்றேன். ஏலக்காய் வாசனை போகாது, அதைச் சொல்லிவிடுங்கள் என்றார்.

முதலில் நான்தான் கலக்கினேன். நான் கலக்கிய விதத்தில் தண்ணீர் வெளியே போனதே தவிரக் கலக்கவில்லை. தள்ளுங்கள் என்று துடுப்பை வாங்கினாள். அது ஒற்றைக் கைக்கு அடங்காத கனம். இடது கையால் உச்சியைப் பிடித்துக்கொண்டு, வலது கையை இடுப்புக்குக் கீழே, சும்மா துணைக்கு வைத்தாள். இடது கை இழுத்தது. வலது கை கூடவே போனது. தொட்டியைச் சுற்றி ஒரு பெரிய வட்டம். மறுபடி ஒரு வட்டம். தண்ணீரில் சூடு பரவியதும் இறங்கி உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகும் ஆறிவிடக்கூடாது என்று கையாலேயே கலக்கிக்கொண்டிருந்தாள்.

பள்ளி விட்டு வந்ததும் தினமும் இதே வேலை. நான் அதைக் கவனிக்கவில்லை. எனக்குக் கெலமங்கலத்துக்கும் மத்திகிரிக்கும் நடுவே அலைவதற்கே நேரம் சரியாக இருந்தது. சித்திரையில் ஒரு சாயங்காலம் பார்த்தபோது, துடுப்பில் வலது கை இடுப்புக்கு நேராகப் பிடித்திருந்தது. பிறகு ஒரு நாள் நெஞ்சுக்கு நேராக. நான் அதையும் ஒரு குறையாகத்தான் பார்த்தேன். பிடி மாறினால் துடுப்பு வழுக்கும் என்று எச்சரித்தேன்.

ஒருவழியாக மோட்டார் வந்தது. மெக்கானிக் இந்த முறை எந்த ஆபத்துக்கும் இடம் வைக்கவில்லை. மாட்டி முடித்ததும் என்னைக் கிட்டே கூப்பிட்டு, என் கையைப் பிடித்து மோட்டாரின் மேல் வைத்து, "சுடுது. பிஸி. வேடி. மூணுல எது கேட்டாலும் ஆப் பண்ணிடுங்க," என்றார். வேடி என்பது தெலுங்கு. எனக்கு அது வெடி என்று கேட்டதால் கையை எடுத்துவிட்டேன். பலன் ஒன்றுதான்.

சுவிட்சில் விரலை வைத்தேன். பின்னாலிருந்து என் மனைவி சொன்னாள்:

"மோட்டாரப் போடாதீக."

எனக்குப் புரியவில்லை. ஒருவேளை இதுவும் வேறு மொழியோ என்று நினைத்தேன். இதுதான் சிகிச்சை, ஓட்டைகளிலிருந்து பீய்ச்சுகிற தண்ணீர்தான் தோளைத் தளர்த்தும், குளிர்நாட்டுக்காரர்கள் ஆராயாமலா செய்திருப்பார்கள் என்று ஆரம்பித்தேன்.

"அது சுத்துனா என் கை எப்படிங்க சுத்தும்?"

சொல்லிவிட்டுத் துடுப்பை எடுத்துக் கலக்க ஆரம்பித்தாள். வலது கை துடுப்பின் உச்சியில் இருந்தது, இடது கையோடு பக்கத்துப் பக்கமாக. அதைப் பார்த்த பிறகும் நான் வாதாடினேன் என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும். எத்தனை மாதமாக அலைகிறேன். எத்தனை பாகம் மாற்றினேன். ஒரு சேலையைப் பலி கொடுத்தேன். மெக்கானிக்குக்கு என்னைவிடக் கோபம்.

"அப்ப நான் எதுக்கு சார் ரெண்டு தடவ வைண்டிங் பண்ணேன்?"

என் மனைவி அவரைச் சமாதானப்படுத்தினாள். மோட்டார் வீணாகாது, சார் ஞாயிற்றுக்கிழமை உட்காருவார் என்றாள். அப்படித்தான் ஆனது. ஞாயிறு தோறும் தொட்டியில் நான் உட்கார்ந்தேன். எல்லா ஓட்டைகளும் என்மேல் பீய்ச்சின. எனக்கு எந்த உடம்பு வலியும் இல்லாததால் எதுவும் குணமாகவில்லை. நடுநடுவே எழுந்துபோய் மோட்டாரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவேன்.

பள்ளி திறப்பதற்கு முந்திய வாரம் பெங்களூருக்குப் போனோம். டாக்டர் அவள் கையைத் தூக்கச் சொன்னார். தூக்கினாள். காதைத் தாண்டிப் போனது. அதற்கு மேல் கொஞ்சம் நின்று, முனகி, இன்னும் ஒரு விரற்கடை போனது. டாக்டர் பின்பக்கம் வந்து தோளை அழுத்திப் பார்த்தார். நான் பேசுவதற்குத் தொண்டையைச் செருமினேன். கார் சீல், முலாம் ஹீட்டர், இரட்டை வைண்டிங் எல்லாவற்றையும் பஸ்ஸில் வரும்போதே ஆங்கிலத்தில் கோத்து வைத்திருந்தேன்.

இந்த மாதிரித் தோள் ஒன்றரை வருடம் போனால் பெரும்பாலும் தானாகவே விட்டுவிடும் என்றார் டாக்டர். இவருக்குக் கொஞ்சம் சீக்கிரமாகவே விட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

கோத்து வைத்ததை நான் அப்படியே விட்டுவிட்டேன். என் மனைவி விடவில்லை.

"தானா விடல டாக்டர். நான் கலக்கினேன்."

அந்த நாளில் பிள்ளைகள் யாராவது ஜோராக ஒன்றைச் செய்துவிட்டால் கலக்கிட்டான் என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். இவள் அந்த அர்த்தத்தில் சொன்னாளா, துடுப்பை நினைத்துச் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. டாக்டருக்குத் தமிழ் அரைகுறை. எதை என்று கேட்டார். தண்ணீரை என்றாள். அவர் என்னைப் பார்த்தார், மொழிபெயர்ப்பேன் என்று. வார்த்தை விஷயத்தில் பட்டது போதும் என்று நான் சும்மா இருந்துவிட்டேன். அவள் இரண்டு கைகளாலும் இல்லாத துடுப்பைப் பிடித்து, அவருடைய அறையில் நின்று ஒரு பெரிய வட்டம் போட்டுக் காட்டினாள். டாக்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தார். அதையே தொடர்ந்து செய்யுங்கள் என்றார்.

"வகுப்புக்குப் போகலாமா?"

ஏன் போகக்கூடாது என்றார் அவர். அவருக்குத் தெரியாது, என்ன கேள்விக்குப் பதில் சொன்னோம் என்று.

வெளியே வந்து ஓசூருக்குப் போகிற ரோட்டில் நின்றோம். நான் ஆட்டோ பிடித்து பஸ் ஸ்டாண்டுக்கே போய்விடலாம், அங்கே உட்கார இடம் கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் காதில் வாங்கவில்லை. தூரத்தில் ஓசூர் பஸ் ஒன்று வந்தது. அவள் ரோட்டு ஓரத்துக்குப் போய், வலது கையை மேலே தூக்கி நிறுத்தினாள். பஸ்ஸில் படிக்கட்டு வரைக்கும் ஆட்கள். டிரைவர் கையை விரித்துக் காட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டார்.

போனால் போகிறது, அடுத்தது வரும், அதுவரைக்கும் கையை இறக்கிக்கொள் என்றேன். தூசியில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ரோட்டையே பார்த்தபடி அவள் அப்படியே நின்றாள். அடுத்த பஸ் வந்து நிற்கும்வரை அந்தக் கையை அவள் இறக்கவில்லை.